கோப்பிப் பொதியின் மேல் ஒரு முத்திரை

பொருள்களின் மேலே முத்திரை பொறிக்கும் வழக்கம் மிகப் பழமையானது. பொன்னின் மேலுள்ள முத்திரை அதன் மாற்றைச் சொல்கிறது. நிறைகல்லின் மேலுள்ள அரச முத்திரை அதன் எடையைச் சொல்கிறது. ஐயம் எழுந்தால் முன்னதை உரைத்தும், பின்னதை நிறுத்தும் உண்மை காணலாம். ஆனால், வாங்குபவன் தன் கையாலோ நாவாலோ சோதித்தறிய முடியாத ஒன்றைச் சொல்லும் முத்திரைகளும் உள. “இக்கோப்பி விளைந்த தோட்டத்திலே மரங்கள் நிற்கின்றன, அம்மரங்களிலே பறவைகள் தங்குகின்றன” என்று உறுதி கூறும் முத்திரை அத்தகையது. கோப்பியின் நிறத்திலோ மணத்திலோ பறவையின் சுவடு தெரிவதில்லை. ஆயினும் 1990களிலிருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மக்கள் பலர் இத்தகைய முத்திரைகளை நம்பிக் கூடிய விலை கொடுத்து வருகின்றனர். அம்முத்திரைகள் எவ்வாறு தோன்றின, எதைக் காத்தன, எதைக் காக்கத் தவறின என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும். இவ்வரலாற்றின் முதல் ஏடு நமது மலைநாட்டிலே எழுதப்பட்டது என்பது நேயர்கள் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும்.

கோப்பி இயல்பிலே காட்டின் குழந்தை. அராபிக்கா எனப்படும் உயர்ந்த கோப்பி வகையின் தாயகம் எதியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். அங்கே அது பெருமரங்களின் கீழே, இலைகளினூடு வடிந்து வரும் வெயிலை உண்டு வளரும் சிறு மரமாகும். அதனைக் காட்டிலிருந்து பிரித்து, வெட்டவெளியிலே நிரை நிரையாக நட்டு, பொன் விளையும் பயிராக்க முனைந்தது பிற்கால வாணிகம். அம்முயற்சி மிகப் பெரிய அளவிலே நடைபெற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

1830களுக்குப் பின்னர் ஆங்கிலத் தோட்டத்துரைமார் கண்டி மலைநாட்டிலே காடழித்துக் கோப்பி பயிரிட்டனர். அதற்கு வேண்டிய உழைப்பைத் தந்தோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்த தொழிலாளர்கள். கொள்ளைநோயாலும் பசியாலும் அவ்வழியிலேயே மாண்டோர் பலர். மலைச்சரிவிலுள்ள மரங்களை வெட்டி, எரித்து, வெறுமையான நிலத்திலே கோப்பியை நடுவதே அக்காலத்து வழக்கம். பெரும்பாலான தோட்டங்களிலே நிழல் மரம் விடப்படவில்லை. 1870களின் பிற்பகுதியில் ஏறக்குறைய 275,000 ஏக்கர் நிலம் கோப்பியால் மூடப்பட்டிருந்தது. உலகின் முன்னணிக் கோப்பி நாடுகளுள் ஒன்றாக இலங்கை அன்று விளங்கிற்று.

அச்செல்வத்தின் நடுவிலேயே அழிவும் தோன்றிவிட்டது. 1869 ஆம் ஆண்டிலே மடூல்சீமைப் பகுதியிலுள்ள கோப்பி இலைகளின் அடிப்புறத்திலே செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் என்பார் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பங்கசு ஆய்வாளர் பெர்க்லிக்கு அனுப்பினார். அதுவரை விஞ்ஞானம் அறியாத அப்பங்கசுக்கு ‘ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிடப்பட்டது. ‘வாஸ்டாட்ரிக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் பொருள் ‘பாழாக்குவது’ என்பதாம். பெயருக்கேற்ப அது நடந்துகொண்டது. துரு பிடித்த இலைகள் உதிர்ந்தன, செடிகள் மெலிந்தன, இருபது ஆண்டுகளுக்குள்ளே ஒரு நாட்டின் பெருந்தொழில் சாய்ந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. துரைமாரிற் பலர் கடனாளிகளாயினர். தொழிலாளர் பலர் வேலையும் கூலியும் இழந்தனர்.

1880 ஆம் ஆண்டிலே இந்நோயை ஆராயும்பொருட்டு ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியல் அறிஞர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். துருவின் வித்திகள் காற்றிலே பரவுவதையும், ஈரமான இலையிலே முளைத்து இலைத்துளைகளின் வழியே உட்புகுவதையும் அவர் கண்டறிந்தார். ஒரே பயிரை இடைவெளியின்றி மலைக்கு மலை நட்டதனால் நோய்க்குத் தடையற்ற பாதை அமைந்துவிட்டது என்பதும் அவர் ஆராய்ச்சி உணர்த்திய உண்மை. தோட்டத்துக்குத் தோட்டம் காடு இடையிட்டு நின்றிருந்தால், காற்றோடு வந்த வித்திகளிற் பல அங்கேயே தடைப்பட்டிருக்கும். ஆனால் இப்பாடம் வந்தபோது இலங்கையிலே கோப்பிக்குக் காலம் கடந்துவிட்டது.

இனி, நூறு ஆண்டுகளைக் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்குச் செல்வோம். 18 ஆம் நூற்றாண்டிலே அங்கு சென்ற கோப்பி, துருவின் கைக்கு எட்டாமல் நெடுங்காலம் வாழ்ந்தது. பிரேசிலிலே பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் வெயிலில் விரிந்து கிடந்தன. ஆனால் மெக்சிக்கோவின் தென்பகுதி, குவாத்தமாலா, எல் சல்வடோர், கொலம்பியா முதலிய இடங்களின் மலைகளிலே சிறு குடியானவர்கள் வேறு முறையிலே பயிரிட்டனர். காட்டு மரங்களிற் சிலவற்றை விட்டுவைத்தனர். அவற்றினிடையே இங்கா என்னும் அவரைக் குடும்பத்து மரத்தையும், நம் முள்முருக்கின் இனத்தைச் சேர்ந்த மரங்களையும் நட்டனர். கீழே வாழையும் தோடையும் வெண்ணெய்ப்பழ மரமும் வளர்த்தனர். அனைத்துக்கும் கீழே கோப்பி நின்றது. இங்கா மரம் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குத் தந்தது. உதிர்ந்த இலை உரமாயிற்று. கோப்பி விலை வீழ்ந்த ஆண்டிலே பழமும் விறகும் மரமும் குடும்பத்தைக் காத்தன.

அத்தகைய தோட்டம் தொலைவிலிருந்து நோக்குவோர்க்குக் காடு போலவே தோன்றும். உயிரினங்களுக்கும் அது ஓரளவு காடாகவே விளங்கிற்று. கொஸ்ரா ரிக்காவிலே கோப்பித் தோட்டமொன்றில் நின்ற ஒரே ஒரு முருக்க மரத்தின் கவிகையை ஆராய்ந்தபோது, 126 வகை வண்டுகளும் 30 வகை எறும்புகளும் அதிலே காணப்பட்டன. நிழற் கோப்பித் தோட்டங்களிலே நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்கள் கணக்கிடப்பட்டன. அவற்றுட் பல, வட அமெரிக்காவிலே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருபவை. நம் நாட்டு மாங்குயிலை நிறத்தால் ஓரளவு ஒத்த பால்டிமோர் ஓரியோல் என்னும் பறவை அவற்றுள் ஒன்று. எல் சல்வடோர் போன்று இயற்கைக் காடு பெரும்பாலும் அழிந்துபோன நாட்டிலே, கோப்பியின் நிழலே எஞ்சிய மரச்சோலையாய் நின்றது.

இந்நிலையிலே 1970 ஆம் ஆண்டு, இலங்கைக் கோப்பியைப் பாழாக்கிய அதே துரு பிரேசிலின் பாகியா மாநிலத்திலே காணப்பட்டது. 1976 இல் அது நிக்கராகுவாவை அடைந்தது. 1981 இல் மெக்சிக்கோவையும், 1983 இல் கொலம்பியாவையும் எட்டியது. இலங்கையின் கதையைக் கற்றறிந்த அரசாங்கங்களும் அதிகாரிகளும் அஞ்சினர். நிழலில் ஈரம் நிற்கும், ஈரத்திலே துரு முளைக்கும், ஆகவே நிழலை அகற்றினால் துரு அடங்கும், விளைச்சலும் பெருகும் என்பதே அவர்களுடைய கணக்கு. ஐக்கிய அமெரிக்காவின் உதவித் தாபனம் பல கோடி டொலர் வழங்கிற்று. மரங்கள் வெட்டப்பட்டன, குட்டையான புதுக் கோப்பி வகைகள் நெருக்கி நடப்பட்டன, செயற்கை உரமும் பூச்சிகொல்லியும் வந்தன. மெக்சிக்கோவிலிருந்து கொலம்பியா வரையுள்ள நாடுகளிலே ஏறக்குறைய 28 இலட்சம் ஹெக்டேயர் கோப்பி நிலத்தில், 11 இலட்சம் ஹெக்டேயர் 1990 ஆம் ஆண்டளவில் நிழல் குறைந்த நிலமாக மாறிவிட்டது.

இங்கே வரலாற்றின் முரண் ஒன்றைக் காண்கிறோம். இலங்கை கற்பித்த பாடம், ஒரே பயிரை மலையெங்கும் இடைவெளியின்றி விரிப்பது ஆபத்து என்பதாகும். அமெரிக்கா கற்றுக்கொண்ட பாடமோ, துருவுக்கு அஞ்சி மரத்தை வெட்டவேண்டும் என்பதாயிற்று. நிழலுக்கும் துருவுக்கும் உள்ள தொடர்பு அத்துணை எளிதன்று என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் புலப்படுத்தின. நிழல் ஈரத்தைக் கூட்டுவது உண்மையே. எனினும் மரங்கள் காற்றைத் தடுத்து வித்திகளின் பரவலைக் குறைப்பதும், துருவையே உணவாகக் கொள்ளும் வெண்ணிறப் பங்கசு ஒன்று நிழற் தோட்டங்களிலே வாழ்வதும் அதேயளவு உண்மை. 2012 ஆம் ஆண்டிலே துரு மத்திய அமெரிக்காவை மீண்டும் கடுமையாகத் தாக்கியது. நிழல் அகற்றியதனால் துரு அகன்றுவிடவில்லை.

மரம் போனதை முதலில் உணர்த்தியவை பறவைகள் எனலாம். வட அமெரிக்காவிலே வலசைப் பறவைகள் சில குறைந்து வருவதை அறிஞர்கள் கவனித்தனர். 1991 ஆம் ஆண்டிலே சிமித்சோனியன் நிறுவனத்தின் வலசைப் பறவை ஆய்வு நிலையம் தோன்றிற்று. ரஸ்ஸல் கிரீன்பர்க் என்பார் அதற்குத் தலைமை தாங்கினார். காலையிலே தம் மக்கள் பருகும் கோப்பிக்கும், தம் தோட்டத்திற்கு வசந்தத்தில் திரும்பி வரும் பறவைக்கும் தொடர்பு உண்டு என்பதை அந்நிலையத்தார் எடுத்துரைத்தனர். 1996 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கோப்பி வணிகரையும் விவசாயிகளையும் விஞ்ஞானிகளையும் வாஷிங்டன் நகரிலே ஒன்றுகூட்டி மாநாடு நடத்தினர். அதனைத் தொடர்ந்து ‘பறவை நேயக் கோப்பி’ என்னும் முத்திரை உருவாயிற்று.

அதற்கு முன்னரே கோப்பிக்கு வேறொரு முத்திரை வழிகாட்டியிருந்தது. மெக்சிக்கோவின் ஓஹாக்கா மலைகளிலே ஏழைக் குடியானவரோடு வாழ்ந்த வன் டெர் ஹொஃப் என்னும் ஒல்லாந்தக் குருவும், நிக்கோ ரோசன் என்பவரும் முன்னின்று, 1988 ஆம் ஆண்டிலே நெதர்லாந்தில் ‘மக்ஸ் ஹவலார்’ முத்திரையைத் தொடக்கினர். யாவாவிலே கோப்பி விளைவித்த மக்களை ஒல்லாந்தர் வருத்தியதைக் கண்டித்து, 1860 இல் வெளிவந்த நாவலொன்றின் பெயர் அது. விவசாயிக்கு நியாயமான அடிவிலை கிடைப்பதே அம்முத்திரையின் நோக்கம். அடுத்த ஆண்டே அதன் தேவை உலகுக்கு விளங்கிற்று. சர்வதேசக் கோப்பி உடன்படிக்கை 1962 முதல் நாடுகளுக்கு ஏற்றுமதிப் பங்கு வகுத்து விலையைத் தாங்கி வந்தது. 1989 ஜூலையில் அப்பங்கு முறை குலைந்தது. விலை ஏறக்குறையப் பாதியாய் வீழ்ந்தது. தம் கோப்பியைப் பிறருடையதிலிருந்து வேறுபடுத்திக் காட்டினாலன்றி வாழ முடியாத நிலைக்குச் சிறு விவசாயிகள் தள்ளப்பட்டனர். முத்திரைகளின் காலம் பிறந்தது.

இவ்வாறு தோன்றிய முத்திரைகள் யாவும் ஒன்றல்ல. வாங்குவோர் பெரிதும் மயங்குவது இவ்விடத்திலேதான். ஆகவே இதனைச் சற்று விரித்து நோக்குவோம்.

பறவை நேய முத்திரை கேட்பது அதிகம். தோட்டத்தின் நிழல் நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையலாகாது. முதன்மையான நிழல் மரங்கள் 12 மீற்றர், அதாவது ஏறக்குறைய 40 அடி உயரம் வளர்ந்திருத்தல் வேண்டும். அவற்றைத் தவிர, குறைந்தது 10 வகையான வேறு மரங்கள் நிற்க வேண்டும். மேல், நடு, கீழ் என இலைக்கவிகை அடுக்கடுக்காய் அமைதல் வேண்டும். இவற்றோடு, செயற்கை உரமும் பூச்சிகொல்லியும் தவிர்த்த இயற்கை விவசாயச் சான்றிதழையும் விவசாயி முன்னதாகவே பெற்றிருத்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் விதிப்படி, விலக்கப்பட்ட இரசாயனங்களை நிறுத்தி மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே அச்சான்றிதழ் கிட்டும். அம்மூன்று ஆண்டுகளிலும் விளைச்சல் குறைந்தாலும் பழைய விலையே கிடைக்கும்.

பச்சைத் தவளை பொறித்த முத்திரை இன்னொரு வகை. 1987 இல் தோன்றிய ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் என்னும் தாபனம் அதனை வழங்குகிறது. மண், நீர், காடு, தொழிலாளர் நலம் எனப் பலவற்றையும் சேர்த்து நோக்குவது அதன் முறை. இரசாயனங்களை முற்றாக விலக்குமாறு அது கேட்பதில்லை. ஆகவே பெருந்தோட்டங்களும் பெரு வணிகக் கம்பனிகளும் அதனை ஏற்பது எளிதாயிற்று. பொதியிலுள்ள கோப்பியிலே நூற்றுக்கு 30 பங்கு சான்றிதழ் பெற்றதாயிருந்தாலும், அவ்வளவைக் குறிப்பிட்டு முத்திரையைப் பொறிக்கப் பல்லாண்டுகள் இடமளிக்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டிலே உட்ஸ் என்னும் வேறொரு பெருஞ் சான்றிதழ்த் திட்டம் இதனோடு இணைந்தது. இவற்றைத் தவிர, எவரும் சோதித்துப் பாராமல் ‘நிழலில் விளைந்தது’ என்று வணிகரே தம் பொதிமேல் அச்சிட்டுக்கொண்ட சொற்களும் கடைகளிலே உலவின.

இங்கே ஓர் உண்மை தெளிவாகிறது. அதிகம் கேட்கும் முத்திரை சிறிதாய் நிற்கிறது; குறைவாய்க் கேட்கும் முத்திரை எங்கும் பரவுகிறது. பறவை நேயக் கோப்பி உலக வாணிகத்திலே ஒரு துளியளவே. தவளை முத்திரையோ பெரிய அங்காடிகளில் எல்லாம் காணப்படுகிறது. ஒரு தோட்டத்தை முற்றாகக் காப்பது மேலா, ஆயிரம் தோட்டங்களைச் சிறிதளவு திருத்துவது மேலா என்னும் வினா இன்றும் தீரவில்லை. இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு.

நியாயத்தை வாதத்தால் அன்றி அளந்து பார்த்தே அறிதல் வேண்டும். 2007 ஆம் ஆண்டிலே ஸ்டேசி பில்பொட் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும், அவர்களுள் கிரீன்பர்க்கும் ஒருவர், மெக்சிக்கோவின் சியாப்பாஸ் பகுதியிலே செய்த ஆராய்ச்சியை வெளியிட்டனர். இயற்கை விவசாயச் சான்றிதழும் நியாய வாணிகச் சான்றிதழும் பெற்ற தோட்டங்களையும், எதுவும் பெறாத தோட்டங்களையும் ஒப்பிட்டு நோக்கினர். மரங்களிலோ, எறும்பு வகைகளிலோ, பறவை வகைகளிலோ வேறுபாடு காணப்படவில்லை. இதிலே வியப்பில்லை. அச்சான்றிதழ்கள் உரத்தையும் விலையையும் பற்றியே கேட்டன. மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேளாததை முத்திரை தரமாட்டாது. மறுபுறத்திலே, எதியோப்பியாவின் காட்டுக் கோப்பிக்குச் சான்றிதழ் வழங்கப்பட்ட பகுதிகளிலே காடழிப்புக் குறைந்தது என்றும், கொலம்பியாவிலே சான்றிதழ் பெற்ற தோட்டங்களில் மரப்போர்வை கூடியது என்றும் பிந்திய ஆராய்ச்சிகள் காட்டின. நிழலையும் காட்டையும் நேரே நோக்கிய முத்திரை பயன் தரக்கூடும் என்பதற்கு இவை சான்று.

எனினும் மொத்தக் கணக்கு மகிழ்ச்சி தருவதாயில்லை. உலகக் கோப்பி நிலத்திலே பலவகை மரங்களின் நிழலில் மரபு முறையிலே பயிரிடப்பட்ட பங்கு, 1996 ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 43 ஆயிருந்தது என்றும், 2010 ஆம் ஆண்டளவில் அது 24 ஆகக் குறைந்தது என்றும் 2014 இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. முத்திரைகள் பிறந்து வளர்ந்த அதே ஆண்டுகளிலேதான் நிழல் இவ்வாறு சுருங்கிற்று.

இதன் காரணம் எங்கே உள்ளது? கோப்பிக் குடியானவனின் வாசலிலே சென்று நோக்கினால் விளங்கும். மரத்தை விட்டுவைத்தால் விளைச்சல் சிறிது குறையலாம். சான்றிதழுக்குப் பரிசோதகர் வரவேண்டும், ஏடுகள் எழுதவேண்டும், கட்டணம் கட்டவேண்டும். தனியொருவனால் ஆகாதது, கூட்டுறவுச் சங்கம் வேண்டும். இத்தனையும் செய்தபின், சான்றிதழ் பெற்ற கோப்பி முழுவதும் அந்த விலைக்கு விற்பனையாவதுமில்லை. வாங்குவோர் போதாமையால், அதிலே பெரும் பங்கு சாதாரணக் கோப்பியோடு கலந்து சாதாரண விலைக்கே போய்விடுகிறது. அங்காடியிலே வாங்குபவன் கொடுத்த கூடுதல் காசு, வறுப்பவன், இறக்குமதி செய்பவன், ஏற்றுமதி செய்பவன் ஆகியோரின் கைகளைக் கடந்து மலையுச்சியை அடையும்போது தேய்ந்துவிடுகிறது. மரத்தை வெட்டினால் உடனே கிடைக்கும் ஊதியத்துக்கு அது ஈடாகாதபோது, பறவையை நேசிக்குமாறு அவனுக்குப் போதிப்பதிலே பயனில்லை. தன் பிள்ளையின் பசியை ஆற்றுவது அவனுடைய முதற் கடமை அன்றோ?

ஆயினும் மரம் அவனுக்குச் சுமை மட்டுமன்று. கொஸ்ரா ரிக்காவிலே 2004 இல் வெளியான ஆராய்ச்சியொன்று, காட்டுக்கு ஒரு கிலோமீற்றருக்குள் நின்ற கோப்பிச் செடிகளிலே, காட்டுத் தேனீக்களின் மகரந்தச் சேர்க்கையால் விளைச்சல் நூற்றுக்கு 20 பங்கு கூடியதைக் காட்டிற்று. அதே நாட்டிலே 2013 இல் வெளியான இன்னோர் ஆராய்ச்சியின்படி, கோப்பிக் காயைத் துளைக்கும் வண்டின் கேட்டைப் பறவைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தன. தோட்டத்திலே தங்கும் பறவை கூலி கேளாத காவலாளி. இவ்வுண்மையை விவசாயிக்கு எடுத்துக் காட்டும் விரிவாக்க ஊழியரும், மாற்றத்துக்கான ஆண்டுகளிலே அவனைத் தாங்கும் கடன் வசதியும், விற்பதற்கு வலிமை தரும் கூட்டுறவும் முத்திரையோடு சேர்ந்து வரும்போதே முத்திரை உயிர் பெறுகிறது. வாங்குவோரின் விருப்பத்தை மட்டும் நம்பியிராமல் சட்டமும் துணை வர முயல்கிறது. 2020 ஆம் ஆண்டு முடிவுக்குப் பின்னர் காடழித்த நிலத்திலே விளைந்த கோப்பியை ஐரோப்பியச் சந்தைக்குத் தடைசெய்யும் விதி 2023 இல் இயற்றப்பட்டது. ஆனால் அது காட்டைப் பற்றியதேயன்றித் தோட்டத்து நிழலைப் பற்றியதன்று.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. கோப்பி போன பின்னர் அதே சரிவுகளிலே வந்த தேயிலை இன்று சிங்க இலச்சினையைத் தாங்கி உலகெங்கும் செல்கிறது. அவ்விலச்சினை தேயிலை எங்கே விளைந்தது என்பதைச் சொல்கிறது. தவளை முத்திரையும் நம் மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றுக்கு வந்துள்ளது. அது எவ்வாறு விளைந்தது என்பதைச் சொல்ல முயல்கிறது. அம்முத்திரைகளைக் காணும்போது நாம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: இது எதை அளக்கிறது? அளப்பவர் யார்? கூடுதல் விலையிலே எவ்வளவு, மரத்தை விட்டுவைத்தவனையும் கொழுந்து பறித்தவளையும் சேர்கிறது? இம்மூன்றுக்கும் தெளிந்த விடை தரும் முத்திரை ஓர் உடன்படிக்கையாகும். விடை தராத முத்திரை வெறும் மையும் தாளுமே.

1869 ஆம் ஆண்டிலே மடூல்சீமையின் இலையொன்றில் தோன்றிய செம்மஞ்சள் தூள், ஒரு நாட்டின் பயிரை அழித்தது. நூறு ஆண்டுகளின் பின் வேறொரு கண்டத்திலே இலட்சக்கணக்கான மரங்கள் வெட்டுண்ணக் காரணமாயிற்று. மனிதன் செய்த பயிர்முறையே முன்னதற்கும் பின்னதற்கும் வழிவகுத்தது. மரங்களை மீண்டும் நிறுத்துவதும் மனிதன் செய்யும் ஒப்பந்தத்தினாலேயே இயலும். அவ்வொப்பந்தத்தின் ஒரு முனையிலே மலைக் குடியானவன் நிற்கிறான். மறுமுனையிலே கோப்பைக்கு முன் அமர்ந்திருக்கும் நாம் இருக்கிறோம். நம் முனை தளர்ந்தால் அவன் கையிலுள்ள கோடரியை எந்த முத்திரையும் தடுக்கமாட்டாது.